இரண்டு வாய் வாவியும் றீற்றாவின் அலையும்

கிட்ட வாங்க பிள்ளைகள், இன்னும் கொஞ்சம் கிட்ட. பாயில் இடம் இருக்கிறது, ஒருவரும் மண்ணில் இருக்க வேண்டாம். இன்றைக்கு ராசா ராணி கதை இல்லை. கணக்குப் போட்ட ஒருத்தியின் கதை. கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு பெரிய அலையும் ஒரு சின்ன அலையும் வரும், அவ்வளவுதான். அலை பார்க்காத பிள்ளை நம்மூரில் யார் இருக்கிறீர்கள்? கேட்டு முடிகிறபோது உங்களுக்குச் சிரிப்பு வருமா கண் கலங்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் ஒருமுறை வாவியைத் திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒரு கீலம் மண்ணில் றீற்றாவும் அவள் புருசன் அல்பேட்டும் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துச் சந்தித்தவர்கள். அவன் அங்கேயே விரிவுரையாளன் ஆனான். அவள் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டாள். அல்பேட்டின் தலைக்குள் எந்நேரமும் தண்ணீர் ஓடுகிறது என்று ஊரார் பகிடி பண்ணுவார்கள். மீன் வாங்கப் போனவன் மீனை மறந்து, தோணி ஒதுங்கும்போது கிளம்புகிற அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். றீற்றா வெறுஞ்சட்டியோடு அடுப்படியில் காத்திருப்பாள்.

அவன் பார்த்தது இதைத்தான். ஆழமில்லாத தண்ணீரில் உயர்ந்த அலை வேகமாக ஓடும், பதிந்த அலை மெதுவாகப் போகும். ஆகவே பின்னால் வருகிற பெரியது முன்னால் போகிற சின்னதை எட்டிப் பிடித்துவிடும். பிடித்ததும் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆகாது. கொஞ்ச நேரம் ஒன்றுக்குள் ஒன்று கிடந்துவிட்டு, பெரியது பெரியதாகவே வெளிப்பட்டு முன்னால் போய்விடும். சின்னது சின்னதாகவே பின்னால் வரும். மேனியில் ஒரு கீறல் இராது. ஒரேயொரு அடையாளம் மட்டும் மிஞ்சும்: பெரியதைச் சந்திக்காமலே போயிருந்தால் சின்ன அலை எந்த இடத்தில் நின்றிருக்குமோ, அதற்குச் சற்றுப் பின்னால் நிற்கும்.

இவ்வளவும் படித்தவர்களுக்கு முன்னமே தெரிந்த சங்கதி. அல்பேட் கேட்டது அதற்கு மேல் ஒரு கேள்வி. அடியில் சேறு படிந்திருந்தால், நம்முடைய வாவியைப் போல, அந்தப் பின்னடைவு எவ்வளவு? அதற்கு அவன் ஒரு சூத்திரம் கண்டான். வருசக்கணக்காகத் தாள் தாளாக எழுதிக் கண்டது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முந்தின கிழமை அதைக் கல்கத்தாவில் இருந்த ஒரு வயதான பேராசிரியருக்கு ஈமெயிலில் அனுப்பினான்.

அடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை. எந்த ஞாயிறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாமாருக்குத் தெரியும். நத்தாருக்கு மறுநாள். றீற்றா காலைப் பூசைக்குப் பாலம் தாண்டிப் பட்டினத்துக் கோயிலுக்குப் புறப்பட்டாள். அல்பேட் இடுப்பில் கட்டிய சாரத்தோடு மேசையடியில் இருந்தான்.

"நீ முதல் பூசைக்குப் போ றீற்றா. இந்தத் தாளை முடிச்சிற்று ரெண்டாம் பூசைக்கு வாறன்."

"கேக்கை எறும்பு மொய்க்கும், மூடி வையுங்க," என்றாள் அவள். அதுதான் அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை. பிற்காலத்தில் அதை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்திருக்கிறது, தனியாக இருக்கிறபோது.

கடல் எழும்பி அந்தக் கீலம் மண்ணைத் தாண்டி வாவிக்குள் இறங்கியது. வீடு போனது, மேசை போனது, தாள்கள் போயின. அல்பேட் போனான். அவனுடைய உடல் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லாவிட்டால் கதை நகராது. நம்முடைய வாவிக்கு இரண்டு வாய். வடக்கே முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. மாரியில் வாவி பெருகி வயல்களை மூடினால் ஆட்கள் மண்வெட்டியோடு போய் மணல் அடைத்த வாயை வெட்டி விடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாயும். அல்பேட் வாலிபனாக இருந்த ஒரு மாரியில், அவன் பெயர் செதுக்கிய துடுப்பு ஒன்று அப்படிப் பாய்ந்த தண்ணீரோடு வடக்கு வாயால் கடலுக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் அது தெற்கு வாயால் உள்ளே வந்து, கல்லாற்று மீன்காரன் ஒருவன் கையில் அகப்பட்டு, சைக்கிளில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. காதலித்த காலத்தில் அல்பேட் இதை றீற்றாவுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். "நம்மட ஆத்தில போனது போனதில்லை றீற்றா. ஒரு வாயால போனா மற்ற வாயால கிறுகி வரும்."

அதனால் அவள் அவனை இறந்தவனாகக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டினத்தில் அல்பேட்டின் தங்கை சர்மிளா வீட்டில் ஓர் அறையில் தங்கினாள். ஒவ்வொரு நத்தாருக்கும் மறுநாள் கோயிலில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அல்பேட்டின் பெயரைக் கொடுக்க றீற்றா சம்மதிக்கவில்லை. சர்மிளா வருசா வருசம் கேட்பாள்.

"பூசையொண்டு ஒப்புக்குடுப்பம் மச்சாள். அவர்ர ஆத்துமம் அந்தரிச்சுத் திரியும்."

"ஆருக்கு? வராத ஆளுக்குத்தானே பூசை? வந்தா என்ன செய்வாய்?"

சர்மிளா சோற்றுப் பானையைத் திறந்து மூடுவாள். பேச்சு அத்தோடு நிற்கும்.

அல்பேட்டின் ஈமெயில் பெட்டியைத் திறக்க றீற்றாவுக்கு இரண்டு வருசத்துக்கு மேல் எடுத்தது. திறந்தபோது பேராசிரியரின் பதில் அங்கே கிடந்தது. அந்தப் பெரிய மனுசர், சுனாமி அல்பேட்டைக் கொண்டுபோனதை அறியாமல் எழுதியது. 'உங்கள் சூத்திரம் அழகாக இருக்கிறது. அழகு சான்று ஆகாது. எண்களில் ஓடவிட்டுக் காட்டுங்கள். நானே பிரசுரத்துக்குப் பரிந்துரைப்பேன்.'

அவள் நடந்ததைச் சொல்லி எழுதினாள். அவர் துக்கம் தெரிவித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நீங்களும் பௌதிகம் படித்தவர். ஓட விட உங்களால் முடியும்.'

அன்றிலிருந்து றீற்றாவுக்கு அது ஒன்றே வேலை. வீடு இல்லை, படம் இல்லை, புதைத்த குழி இல்லை. அல்பேட் என்று ஒருவன் இருந்ததற்கு மிஞ்சியது அந்தச் சூத்திரம் மட்டும். அது சரியாக வந்தால் அவன் பெயரில் உலகத்தில் ஒரு தாள் இருக்கும். பிழையென்று வந்தால் அதுவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் கணினிக்கு மாணவர்களே வரிசையில் நின்றார்கள். வழியிலும் ஆமிக்காரர் மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கி ஏற வேண்டியிருந்த காலம். ஆகவே வேலை முடிந்து வந்து, கல்லடியில் தங்கராசாவின் கொமினிகேசன் கடையில் இருந்துகொள்வாள். தங்கராசா வெல்லாவெளிக்காரர். சண்டையில் ஊரைவிட்டு எழும்பி வந்து, தொலைபேசிக்கூண்டு ஒன்றும் பழைய கொம்பியூட்டர் இரண்டுமாகக் கடை போட்டிருந்தார். அவருடைய தம்பி ரதீஸ் வன்னிப்பக்கம் போய் வருசங்களாகிவிட்டன. முன்பு எப்போதாவது ஒரு அழைப்பு வரும். பிறகு அதுவும் இல்லை.

றீற்றா நிரல் எழுதியது பைதன் என்கிற கணினி மொழியில். கூட்டாளி ஒருத்தி கொழும்பிலிருந்து சீடியில் அனுப்பியது.

"பைதன் எண்டா மலைப்பாம்பெல்லோ மிஸ்?" என்று தங்கராசா எட்டிப் பார்த்தார். "கடிக்காதா?"

"கடிக்கும் அண்ணன். வரியைத் தொடங்குற இடத்தில ஒரு இடைவெளி கூடினாலும் கடிக்கும்."

"அப்ப என்ட பொஞ்சாதி மாதிரி."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "கேக்குது," என்றாள்.

றீற்றா செய்தது சின்ன வேலைதான், பொறுமையான வேலை. நீளமான ஒரு கோட்டுத் தண்ணீரை எண்களாக உடைத்து வைத்தாள். ஒவ்வொரு எண்ணும் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்லும். அடுத்த கணத்தில் அது எவ்வளவாகும் என்பதை அலையின் சமன்பாடு சொல்லும். கணம் கணமாகக் கூட்டிக் கழித்து நகர்த்துவது கணினியின் பாடு. முதலில் சின்ன அலையைத் தனியே ஓடவிட்டு, எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு பின்னால் ஒரு பெரிய அலையையும் சேர்த்து ஓடவிட்டாள். இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னடைவு. அது அல்பேட்டின் சூத்திரம் சொன்ன அளவாக இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் யோசிக்காமல் செய்தாள். தண்ணீர்க் கோட்டின் இரண்டு முனைகளுக்கும் என்ன செய்வது என்று நிரலுக்குச் சொல்லவேண்டும் அல்லவா? வலப்பக்கத்து முனையைக் கொண்டுவந்து இடப்பக்கத்து முனையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கணக்கு லேசாகும் என்று படித்தவர்கள் பலரும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கட்டுகிறபோது, இது எங்கே பிசகும் என்று ஒருதரம் யோசித்துத்தான் கட்டுவார்கள். றீற்றா வாவிக்கரைப் பிள்ளை. ஒரு வாயால் போனது மற்ற வாயால் வரும் என்பது அவளுக்குத் தண்ணீரின் குணம் போலவே பட்டது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விடை வந்தது. சின்ன அலை பின்னடைந்திருந்தது, ஆனால் அல்பேட் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு.

திரும்பவும் ஓடவிட்டாள். அதேதான். கரண்ட் நின்று பாதியில் அழிந்ததை மறுநாள் முதலிலிருந்து ஓடவிட்டாள். அதேதான். கூர்ந்து பார்த்தால் இரண்டு மடங்கைவிடச் சொட்டுக் கூட. சரியாக இரண்டாக இருந்தால் அல்பேட் எங்கோ இரண்டால் பெருக்க மறந்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். அறிஞர்களும் விடுகிற பிழைதான். ஆனால் அந்தச் சொட்டுக் கூடுதல் முள்ளுப் போலக் குத்திக்கொண்டு கிடந்தது. மாதக்கணக்காக அவன் சூத்திரத்தை வரிவரியாகத் துழாவினாள். பிழை அகப்படவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சர்மிளாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"உன்ட அண்ணன் ஒரு ரெண்டை விட்டிற்றார் போல கிடக்கு சர்மி. போட்டுத் திருத்தி அனுப்பலாம் எண்டு பாக்கன். சொட்டு வித்தியாசத்தை ஆரும் கவனிக்க மாட்டினம்."

சர்மிளா மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "அவர் உயிரோட இரிக்கக்க சட்டை மடிப்பில பிழை, தேத்தண்ணியில பிழை எண்டு பிடிச்சது காணாதா மச்சாள்? இப்ப எழும்பி வந்து மறுமொழி சொல்லவும் ஏலாத ஆளிலயா?"

"வந்து சொல்லட்டுமன்."

"பாத்தீங்களா. வருவார் எண்டும் சொல்லுறீங்க, வராத ஆளெண்டு திருத்தவும் போறீங்க. ஏதாவது ஒண்டில நில்லுங்க."

றீற்றா எழுந்து கை கழுவினாள். அன்றைக்கு அந்த 'இரண்டை'ப் போடவில்லை.

சண்டை கிழக்கில் ஓய்ந்து வடக்கே நகர்ந்தது. நெல் வெட்டினார்கள், விதைத்தார்கள். பல்கலைக்கழகம் திறந்தது, பூட்டியது, திறந்தது. பேராசிரியர் நத்தாருக்கு நத்தார் வாழ்த்து அனுப்புவார், கணக்கைப் பற்றிக் கேட்கமாட்டார். கேட்காமல் இருந்ததே றீற்றாவுக்குப் பாரமாக இருந்தது.

கடைசி எண்ணை மட்டும் பார்த்து ஆவதொன்றுமில்லை, அலையின் முழு ஓட்டத்தையும் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒரு பின்னேரம் தோன்றியது. அந்தப் பழைய கொம்பியூட்டரில் படம் வரைகிற வசதி ஒழுங்காக இல்லை. ஆகவே தண்ணீர் உயர்ந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும்படி நிரலுக்குச் சொன்னாள். கறுத்த திரையில் வெள்ளை நட்சத்திரங்கள் கூம்பாகக் குவிந்து இரண்டு மேடுகளாக நின்றன. பெரியது நகர்ந்தது. சின்னதைப் பிடித்தது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. பெரியது வெளியே வந்து முன்னால் போனது. போய்ப் போய்த் திரையின் வலது ஓரத்தில் கரைந்தது. சின்னது மட்டும் வெறும் கறுப்பில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இடது ஓரத்தில் ஒரு நட்சத்திரம் எட்டிப் பார்த்தது.

றீற்றா கதிரையின் நுனிக்கு வந்தாள். நட்சத்திரம் இரண்டாகி, பத்தாகி, மேடாகியது. போன அலை வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பதிந்திருந்தது, சேற்றில் இழுபட்டுக் களைத்து வருகிற அலை. வந்து சின்ன அலையைத் திரும்பவும் பிடித்தது. வேகம் குறைந்திருந்ததால் முதல் தரத்தைவிடச் சற்று நேரம் கூட அதோடு கிடந்துவிட்டுக் கடந்தது.

பிள்ளைகள், அந்தக் கணமே அவளுடைய அறிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே அலையே இரண்டு தரம் சந்தித்திருக்கிறது, அதனால் இரண்டு மடங்கு. இரண்டாம் தரம் கூடநேரம் தங்கியது, அதனால் அந்தச் சொட்டுக் கூடுதல். பிழை அல்பேட்டின் சூத்திரத்தில் இல்லை, முனைகளைக் கட்டிய கையில் இருந்தது. கட்டை அவிழ்த்தால் போதும்.

அவள் அவிழ்க்கவில்லை. நிரலை முதலிலிருந்து ஓடவிட்டு, அலை வருவதை இன்னொருதரம் பார்த்தாள்.

மறுநாளும் அதைத்தான் செய்தாள். அதற்கடுத்த நாளும். வேலை முடிந்து வந்து, வெறும் தேத்தண்ணீர் ஒன்றை வைத்துக்கொண்டு, பெரிய அலை வலது ஓரத்தில் கரைவதையும், பிறகு அந்தக் காலிக் கறுப்பையும், பிறகு இடது ஓரத்தில் அந்த முதல் நட்சத்திரத்தையும் பார்ப்பாள். காலியாகக் கிடக்கிற நேரத்தில் கதிரையின் நுனிக்கு வருவாள். அலை வரும் என்று தெரியும், தெரிந்தும் நுனிக்கு வருவாள். வருசக்கணக்காக அவளிடம் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இது ஒன்றுதான் வந்தது, சொன்ன சொல் தவறாமல், எத்தனை தரம் அனுப்பினாலும்.

தனித்துப் போன மனசு எதைத்தான் பிடித்துக்கொள்ளாது? அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அந்த வருசம் வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்தது. முடிந்ததென்று வானொலி சொன்னது. தெருவில் சில இடங்களில் சீனவெடி கேட்டது. தங்கராசா கடையின் பலகைக் கதவை ஒருபக்கம் சாத்திவிட்டு உள்ளே இருந்தார். முகாம்களில் இருந்தவர்கள் சிலர் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கியிருந்தார்கள் என்று கேள்வி. ரதீஸ் எடுத்தாலும் எடுப்பான் என்று, அவர் கடைத் தொலைபேசியில் யாரையும் நீளமாகப் பேசவிடமாட்டார். "சுறுக்கா பறைஞ்சு முடியுங்க, லைன் வேணும்," என்பார். வியாபாரம் படுத்துவிட்டது. மனைவியும் ஏசவில்லை.

ஒரு பின்னேரம் கடையில் அவர்கள் இரண்டு பேர்தான். தங்கராசா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கன். கோவிக்கப்படா."

"கேளுங்க அண்ணன்."

"நாளாந்தம் வந்து இந்த வெள்ளிப் பூவையே பாத்துக்கிட்டு இரிக்கீங்க. முந்தி எண்டா ஏதாவது தட்டுவீங்க, எழுதுவீங்க, பாம்பை ஏசுவீங்க. இப்ப பார்வை மட்டும்தான். என்னெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டுங்களன்."

அவள் ஓடவிட்டாள். "இது பெரிசு. முன்னுக்குப் போறது சின்னன். பாருங்க, பிடிக்கப் போகுது."

"அடிச்சுப் போடுமா?"

"இல்ல. கொஞ்சநேரம் ஒண்டா இரிக்கும். மறுகா விட்டிற்றுப் போயிரும்."

பெரியது போனது. வலது ஓரத்தில் கரைந்தது. தங்கராசா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிற்றா?"

"பாத்துக்கொண்டிருங்க."

இடது ஓரத்தில் நட்சத்திரம் வந்தது.  தங்கராசாவின் கை தன்னையறியாமல் பக்கத்தில் இருந்த தொலைபேசியின் மேல் போய் இருந்தது.

"மிஸ், இது அதே அலைதானா? இல்லாட்டி அதைப்போல வேற ஒண்டா?"

"அதேதான்."

"என்னெண்டு தெரியும்?"

"கொஞ்சம் பதிஞ்சு வருது, பாருங்க. களைச்சுப் போச்சு. வேற அலையெண்டா களைச்சிராது."

அவர் தலையாட்டினார். களைத்து வருகிற ஒன்றைப் பற்றி அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப, போறதெல்லாம் இப்பிடித்தான் வருமா மிஸ்? கணக்கில அப்பிடி இரிக்கா?"

இங்கே அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாருக்கு நட்டம்? ஆனால் அந்த மனுசன் தொலைபேசியின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார். கணக்கில் இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்பிவிடுவார். எந்தப் பிழையைத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ, அதை இன்னொருவர் மடியில் இறக்கி வைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"கணக்கில அப்பிடி இல்ல அண்ணன். நான்தான் ரெண்டு முனையையும் சேத்துக் கட்டி வச்சிரிக்கன். கட்டாட்டி வராது."

"ஓ."

"கட்டி வைக்கிறதால அல்பேட்டுட கணக்குப் பிழையெண்டு வருது."

"அவிழ்த்தா?"

றீற்றா திரையைப் பார்த்தாள். சின்ன அலை போய்க்கொண்டிருந்தது. "அவிழ்த்தா அவர் சரி," என்றாள். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அதன் பாரம் அவளுக்கே தெரிந்தது. அவன் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டுமென்றால் அவன் கணக்கில் பிழை விட்டவனாக இருக்கவேண்டும். அவன் சொன்னது சரியென்று நிற்கவேண்டுமென்றால் அவனைப் போகவிடவேண்டும்.

தங்கராசா எழுந்து பலகைக் கதவடிக்குப் போய்ப் பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கெண்டா அவிழ்க்க ஏலாது மிஸ்," என்றார், திரும்பாமல். "சண்டை முடிஞ்சு எனக்கு இன்னும் ஒரு வருசம்கூட ஆகல்ல. உங்களுக்கு எப்பிடியோ."

 றீற்றா விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.

செய்யவேண்டியது சில வரிகள்தான். தண்ணீர்க் கோட்டின் வலது முனைக்கு அப்பால் இன்னும் ஒரு கீலம் தண்ணீர் வைத்தாள். அந்தக் கீலத்துக்குள் போகிற அலை, கண்டல் காட்டுக்குள் நுழைந்த அலையைப்போலத் தணிந்து தணிந்து இல்லாமல் போகும். சுற்றிவர ஒன்றும் மிஞ்சாது. நிரலில் அந்தக் கீலத்துக்கு ஒரு பெயர் வைக்கவேண்டியிருந்தது. 'கடல்' என்று வைத்தாள்.

ஓடவிட்டாள். பெரியது சின்னதைப் பிடித்தது. ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. பெரியது வெளியே வந்து முன்னால் போனது. ஓரத்தை நெருங்கியது.

நம்முடைய ஆட்கள் வாசலில் நிற்கிறவரைப் பார்த்து 'போங்க' என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். 'போயிற்று வாங்க' என்பார்கள். றீற்றாவும் அப்படி வளர்ந்தவள்தான். அன்றைக்குத் திரையைப் பார்த்து, தங்கராசாவுக்குக் கேட்காத குரலில், "போங்க," என்றாள்.

வலது ஓரத்தில் கடைசி நட்சத்திரம் அணைந்தது. இடது ஓரம் கறுப்பாகக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வருகிற நேரம் வந்தது, கடந்தது. ஒன்றும் வரவில்லை. சின்ன அலை ஒரு குலுக்கலும் இல்லாமல் தன்பாட்டில் போய், நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. அடியில் எண் விழுந்தது.

அவள் அல்பேட்டின் எண்ணை எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். இரண்டும் ஒன்று. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், சேற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அவன் சொன்ன இடத்திலேயே சின்ன அலை போய் நின்றது. அவனுக்கு ஒரு 'இரண்டு' தவறியிருக்கவில்லை. ஒரு புள்ளிகூடத் தவறியிருக்கவில்லை.

அவள் அழுதாள் என்று நான் சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அழவில்லை. தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று சொல்லி இன்னொன்று கேட்டாள். தங்கராசாவின் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் காலை றீற்றா எண்களையும் நிரலையும் கல்கத்தாவுக்கு அனுப்பினாள். ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் அல்பேட்டின் பெயரை மட்டும் போட்டாள். பேராசிரியர் இரண்டு பெயரும் வேண்டும் என்று அடம்பிடித்தார், அது பிறகு. அனுப்பிவிட்டு நேரே பாலம் தாண்டிக் கோயிலுக்குப் போனாள். பங்குச் சுவாமி வெளியே பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சுவாமி, ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும்."

"ஆருக்கு மகள்?"

பெயரைச் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. சொன்னாள்.

பூசையன்று சர்மிளா முழு நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மரித்தவருடைய பெயரைச் சுவாமி வாசித்தபோது றீற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன நத்தாருக்கு நான் கேக்கவேயில்லையே மச்சாள்," என்று காதுக்குள் சொன்னாள்.

"கேக்காததாலதான் வந்தன்," என்றாள் றீற்றா. சர்மிளாவுக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்து, இருமுவது போலப் பாவனை செய்தாள்.

பின்னேரம் றீற்றா கடைக்குப் போய்த் தன் வேலைகளைப் பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டாள். இனி அங்கே வர அவளுக்கு வேலை இல்லை. கொம்பியூட்டரில் கிடந்ததை அழிக்கப் போனபோது தங்கராசா தடுத்தார்.

"அந்தப் பழசை அழிக்காதீங்க மிஸ். முனை கட்டினது. அது கிடக்கட்டும்."

"அது பிழையானது அண்ணன்."

"தெரியும். நீங்க சொன்னீங்கதானே. கிடக்கட்டும்."

அவள் அழிக்கவில்லை. எந்த விசையைத் தட்டினால் ஓடும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, புறப்பட்டுப் பாலத்தில் ஏறினாள். நடுப்பாலத்தில் வழக்கமாக அவள் நிற்பாள், முகத்துவாரப் பக்கம் பார்ப்பாள். அன்றைக்கு நிற்கவில்லை. கீழே தோணியொன்று போனது. அது கிளப்பிய அலை தூண்களைத் தொட்டுத் தன்பாட்டில் விரிந்து போனது. அவளுக்கு முன்னால் வீடு வரைக்கும் நீளமான ஒரு பின்னேரம் கிடந்தது. அதில் அவள் தனியாகவே நடந்தாள். ஆனால், இரண்டாம் தரம் பின்னடையாத அந்தச் சின்ன அலையைப்போல, முன்னைவிடச் சற்று முன்னால்.

கடையில் தங்கராசா விசையைத் தட்டினார். தொலைபேசியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் அலை கரைவதைப் பார்த்தார். பிறகு இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவ்வளவுதான் பிள்ளைகள் கதை. இனி எழும்புங்கள், இருட்டுமுன் போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு உலையில் அரிசி எந்நாளும் கொதிக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூக்காதிருக்கட்டும். வெளியே போனவர்கள் செருப்புச் சத்தத்தோடு வந்து சேரட்டும். வரமுடியாமல் போனவர்கள் இருந்தால் அவர்கள் பெயரைச் சொல்ல உங்களுக்கு நாக்குத் தழுதழுக்காமலும், அந்தப் பெயரைக் கேட்க வீடு நிறைய ஆட்களுமாக, நீங்கள் நல்லாயிருக்கவேணும்.